காப்பிக் கடையில் நான் கொடுத்த ஒரு கெஜம்

ஒரு கெஜம் என்பது மூன்று அடி. என் காலுக்கு ஒன்றரை எட்டு. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல்வரை நூற்றெண்பத்துநான்கு எட்டு. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனால் நூற்றுத் தொண்ணூற்றொன்று. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் மழையளவுப் பதிவேடு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. கட்டிலில் படுத்தால் மின்விசிறி சுற்றுவதை எண்ணுவேன். நடுவில் கணக்குத் தவறினால் எழுந்து உட்கார்ந்து, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டேனா என்று பட்டையைப் பார்ப்பேன்.

இந்தப் பழக்கத்தால் என் மகளுக்கும் விழிஞ்ஞத்துக்காரன் ஒருவனுக்கும் நான் செய்ததை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் வாயால் சொல்லியாகிவிட்டது. ஆனால் வாயால் சொன்னபோது சில இடங்களை விட்டுவிட்டேன்.

மகள் அமெரிக்காவில் ஒன்பது வருடம் இருந்தாள். கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. பத்தொன்பது வீட்டில் விசாரித்தார்கள். பத்தொன்பது பேரிடமும் "லீவில் வந்திருக்கிறாள்" என்றேன். அவள் உள்ளறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் ஃபுட்பால் அணிக்கு வீடியோ எடுக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு பயிற்சியாளருக்கு உதவியாக இருந்திருக்கிறாள். அவர்கள் ஃபுட்பால் என்பது வேறு. காலால் உதைப்பது அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி முன்னேற வேண்டும். திருவனந்தபுரத்திலும் அதை விளையாட ஒரு கிளப் இருப்பதே அவள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பகலில் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி. சாயங்காலம் பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். கம்பெனிக்காரர்கள், ஜிம்மில் வேலை செய்பவர்கள், துறைமுகத்து ஆட்கள். அவர்களுக்கு இவள் கோச்.

முதல் நாள் நானும் கிளம்பினேன்.

"நீங்க எதுக்குப்பா? வெயில்ல உக்காந்து தலை சுத்தப் போறது."

"நீ ஒத்தை. அங்க இருபத்தாறு ஆம்பளைகள்."

"இருபத்தேழு. ஒருத்தன் லேட்டா வருவான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளினாள்.

குடை, ஃபிளாஸ்க், மாத்திரை டப்பா ஆகியவற்றுடன் சிமென்ட் படியில் உட்கார்ந்தேன். விளையாட்டு புரியவில்லை. புரியாததை எண்ண ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் என் நோட்டை வாங்கிப் பார்த்தவள், அன்று முதல் எனக்கு அதையே வேலையாகக் கொடுத்தாள். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு வரி: எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம் வேண்டும், எந்தப் பக்கம் போனார்கள், எத்தனை கிடைத்தது.

விதி எளிது. பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சி. முன்னேறினால் மறுபடி நான்கு. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். நீளமாக எறிந்து பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அவள் சிரித்தாள். பத்து கெஜம் வேண்டுமென்றால் எதிராளி பரந்து நிற்பான். எங்காவது இடம் இருக்கும். ஒரு கெஜம்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பதினொரு பேரும் கதவை அடைத்தமாதிரி வந்து நெருங்கிவிடுவார்கள். கோல் கோட்டுக்கு முன்னால் இன்னும் மோசம். பின்னால் காவல் காக்க இடமே கிடையாது. ஆகவே அத்தனை பேரும் முன்னால்தான்.

அந்த ஒரு கெஜத்துக்கு அவள் வாரத்தில் இரண்டு சாயங்காலத்தை ஒதுக்கினாள். தடுப்பு வரிசையில் நிற்கும் தடியர்கள் பாதத்தோடு பாதம் உரச நிற்க வேண்டும். நடுவே கை நுழையவும் இடம் கூடாது. மார்பு உயரத்தில் ஒரு மூங்கில் கம்பைப் பிடித்துக்கொள்வாள். அதற்கு அடியில் குனிந்தபடியே பாய வேண்டும். யார் நிமிர்கிறானோ அவன் தலையில் கம்பு தட்டும்.

"தாழ்ந்து போறவனுக்குத்தான் அந்த கெஜம். முதல் அடி ஆறு இஞ்சுக்கு மேல வைக்காதே. பெரிசா அடி வெச்சா ஒத்தைக் கால்ல நிப்பே, தள்ளிடுவான்!"

இதை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கத்துவாள். வலப்பக்கத்து இரண்டு தடியர்களும் சேர்ந்து எதிரே நிற்கும் ஒருவனை மோத வேண்டும். ஓடுகிறவன் இடைவெளியைத் தேடவே கூடாது. முன்னால் இருப்பவன் முதுகைப் பார்த்து நேராகப் போய் விழ வேண்டும். அவன் முதுகை இன்னும் இரண்டு பேர் தள்ளுவார்கள். பார்க்க அழகாக இருக்காது. நான் எழுதியவரை, அப்படிப் போனால் கெஜம் கிடைத்தது.

வரிசையின் ஓரத்தில் நிற்பவனை டைட் எண்ட் என்பார்கள். நோட்டில் நான் ஓரக்காரன் என்று எழுதினேன். அவன் தடுக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். எங்கள் ஓரக்காரன் விழிஞ்ஞத்து மீன்பிடிக் குடும்பம். முப்பது வயது, துறைமுகத்தில் வேலை. லீவு நாளில் அப்பாவோடு படகில் போவான். முன்னால் இரண்டு வருடம் கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் இருந்தவன் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவான். என் பழைய உத்தியோகத்தைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு மழை சார் என்று பெயர்.

"மழை சாரே, இன்னைக்கு நான் எத்தர மில்லிமீட்டர் ஓடி?"

"தூறல்தான்" என்பேன். அவன் மற்றவர்களுக்கு அதை மலையாளத்தில் சொல்லிச் சிரிப்பான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர் வேண்டும். அவசரத்தில் கூடிப் பேச நேரமில்லாதபோது, பந்தை எறிபவன் கோட்டில் நின்றே பெயரைக் கூவுவான். இங்கிலீஷும் மலையாளமும் எதிராளிக்குப் புரியும். யாருக்கும் புரியாத பெயராக வேண்டும் என்று மகள் கேட்டபோது, சின்ன வயதில் நான் நெட்டுருப் போட்ட பழைய பின்ன வாய்பாடான கீழ்வாய் இலக்கத்தைக் கொடுத்தேன். வலப்பக்கம் நேராக இடிப்பதற்கு முந்திரி என்று பெயர் வைத்தோம். முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. ஒரு கெஜத்துக்கு அது பொருத்தம் என்று எனக்கு அசாத்தியப் பெருமை. தடியர்களுக்கு அது பழத்தின் பெயர். "முந்திரி, முந்திரி" என்று கத்தியபடி மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

அந்த சீசனில் அதுவரை ஒரு கெஜம் வேண்டியிருந்தது இருபத்தேழு முறை. கிடைத்தது இருபத்திரண்டு முறை. இருபத்தேழில் இருபத்தைந்து முறை முந்திரி. இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்னால், இது எனக்குப் பொறுக்கவில்லை.

"இது சரியில்லை. எதிராளி கண்ணை மூடிண்டு நின்னாலும் நீ எங்க வரப்போறேன்னு தெரியும்."

"தெரியட்டும்."

"தெரியட்டுமாவா?"

"வேணும்னேதான் பண்றேன்ப்பா. நன்னாப் பழகட்டும். ஒரு நாள் எல்லாரும் அங்க பாய்வா பாருங்கோ, அன்னிக்கு நாம அங்க போகப் போறதில்லை."

பிறகு சாப்பாட்டு மேஜையில் விரலால் வரைந்து காட்டினாள். எல்லாம் முந்திரி மாதிரியே ஆரம்பிக்கும். ஓடுகிறவன் பந்து கையில் இருப்பதுபோல் வலப்பக்கம் போய் விழுவான். ஓரக்காரன் தடுக்கப் போய்த் தடுக்கி விழுவதுபோல் விழுவான். எல்லோரும் குவியலைப் பார்க்கும்போது எழுந்து, கோட்டுக்குப் பின்னால் மூலைக்கு நழுவுவான். பந்து அங்கே வரும். அதன் பெயர் காணி.

"எறியறவன், ஓடறவன், ஓரத்துல நிக்கறவன், நான். இப்ப நீங்க. அஞ்சு பேர். மத்தவாளுக்குக் காணின்னா முந்திரிக்கு இன்னொரு பேர், அவ்வளவுதான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கோ."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றேன். அந்தக் கேள்விக்கு ஒன்பது நாளில் பதில் கிடைத்துவிட்டது.

இறுதி ஆட்டம் கோயம்புத்தூர் அணியோடு. அதற்கு முந்தின நாள் காலை பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போய்விட்டு, கிழக்கேகோட்டையில் வழக்கமான காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் என் வயதுக்காரர் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தலையில் மட்டும் விளையாட்டு அணித் தொப்பி.

"தமிழுங்களா? உக்காரலாமுங்களா?"

"பேஷா உக்காருங்கோ."

அவருடைய மகன் கோயம்புத்தூர் அணியில் நடுவில் நின்று தடுப்பவன். மகன் ஆட்டத்துக்கெல்லாம் இவரும் கூடவே போவார். அரையிறுதியில் எங்கள் அணி ஆடியதையும் பார்த்திருக்கிறார். அணிக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன் என்றேன். கோச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கோச்சு ஒரு பொம்பளையாமாங்க?"

"ஆமாம். நன்னாப் படிச்சவ."

"படிச்சவங்களாட்டத்தான் இருக்குது. ஆனா அந்தம்மாவுக்கு ஒரே ஒரு ஆட்டந்தான் தெரியுமுங்களாட்ட. முந்திரின்னு கத்துனா வலதுபக்கம். எம் பையன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறானுங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "முந்திரிக்கு மேல ஒண்ணு இருக்கு, தெரியுமோ?"

"ஏனுங்க தெரியாம? நாலு முந்திரி ஒரு காணி. எங்க வாத்தியாரு பெரம்புல எழுதிக் குடுத்தாருங்களே" என்று கையை நீட்டிக் காட்டினார்.

முந்திரியிலிருந்து ஆரம்பித்து அரைக்காணி, காணி, மாகாணி, அரைக்கால் என்று இரண்டு பேரும் மாறி மாறி ஒன்றுவரை சொன்னோம். நடுவில் அவர் ஓரிடத்தில் திணறினார். நான் எடுத்துக் கொடுத்தேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு! பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் நான் மேஜையில் இருந்த டம்ளர்களை நகர்த்த ஆரம்பித்தேன். மூன்று டம்ளர் தடியர்கள். ஸ்பூன் ஓடுகிறவன். சட்னிக் கிண்ணம் ஓரக்காரன். கிண்ணத்தைச் சாய்த்துக் கவிழ்ப்பதுபோல் காட்டி, நிமிர்த்தி, மேஜையின் மூலைக்கு இழுத்தேன். மேஜையில் சட்னி கோடு போட்டது.

"இதுதான் காணி" என்றேன்.

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட! வாஸ்தவமாலுமே பெரிய மூளைதானுங்க அந்தம்மாவுக்கு. ஆருங்க அவங்க?"

"என் பொண்ணு" என்றேன்.

வாயால் சொன்னபோது நான் விட்ட இடங்களில் இது முதலாவது. மகளை ஒருவர் இளக்காரமாகப் பேசியது தாங்காமல் உளறிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இளக்காரமாகப் பேசியபோது அவள் என் பெண் என்று நான் சொல்லவில்லை. மெச்சிய பிறகுதான் சொன்னேன்.

மறுநாள் ஆட்டம். கடைசிக் கட்டத்தில் நாங்கள் நான்கு பாயிண்ட் பின்னால். கோல் கோட்டுக்கு ஒரு கெஜம். நான்காவது முயற்சி, இன்னும் பத்தொன்பது விநாடி. உதைத்தால் மூன்றுதான் கிடைக்கும், அது போதாது. கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். கூடிப் பேச நேரமில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற மகள் இரண்டு விரலை மடக்கிக் காட்டினாள். எறிபவன் கூவினான்: "காணி! காணி!"

கோயம்புத்தூர்க்காரர்களின் நடுத்தடுப்பாளன் உடனே தலையைத் திருப்பி எங்கள் ஓரக்காரனைப் பார்த்தான். என் கையில் பேனா இருந்தது. எழுத வேண்டிய வரி எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எல்லாம் மேஜையில் நான் காட்டியபடியே நடந்தது. ஓடுகிறவன் வலப்பக்கம் விழுந்தான். ஓரக்காரன் விழுந்தான், எழுந்தான், மூலைக்கு ஓடினான். அவனுக்கு முன்னாலேயே அந்த மகன் அங்கே நின்றிருந்தான். பந்தைக் கையால் தட்டிக் கீழே விட்டான். வலப்பக்கத்தில் எதிராளி பாதிப் பேர்கூட இல்லை. முந்திரி போயிருந்தால் நடந்தே போயிருக்கலாம்.

கூட்டம் கலைகையில் அந்தப் பெரியவர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாருங்க, நேத்து நீங்க டம்ளர் வெச்சுக் காட்டுனதைப் பையங்கிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னனுங்க. கப்புனு புடிச்சுக்கிட்டான் பாருங்க!"

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனதில் கள்ளம் இல்லை. இரண்டு கிழவர்கள் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசினோம். அதை அவர் மகனிடம் சொன்னார். அவ்வளவுதான். நான் சுற்றிலும் பார்த்தேன். யாராவது கேட்டுவிட்டார்களா? செண்டை மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. மகள் முழங்காலிட்டு, அழுதுகொண்டிருந்த ஓரக்காரனின் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எனக்கோ அப்பாடா என்றிருந்தது.

மூன்றாம் நாள் கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

"அங்கிளே, ஆ நோட்டு ஒண்ணு வேணம். கமிட்டி கேக்குது. ஒரு கெஜத்துக்கு எத்தன தடவ ஜெயிச்சுன்னு அதில உண்டல்லோ?"

"உண்டு" என்று எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கப் பன்னிரண்டு எட்டு. அந்தப் பன்னிரண்டு எட்டில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கமிட்டியில் என் கையெழுத்தை வாசித்திருக்கிறார்கள். இறுதி ஆட்டத்துக்கு முன்வரை இருபத்தேழில் இருபத்திரண்டு. ஜெயித்துக்கொண்டிருந்த வழியை விட்டுவிட்டு, கடைசி நிமிஷத்தில் மேதாவித்தனம் காட்டியது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நெஞ்சுரம் போதாது என்று ஒருவர் சொன்னாராம். ஆட்டத்தை அழைக்கும் பொறுப்பை அடுத்த சீசனுக்கு வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். இவள் தடியர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுக்கலாம்.

"நோட்டை நீங்கதான் குடுத்தேளா?" என்று கேட்டாள்.

"கேட்டா. குடுக்காம எப்படி?"

"அதுவும் சரிதான்" என்று தட்டைக் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் திறந்திருந்தது.

அணியில் வேறொரு பேச்சு கிளம்பியது. எதிராளிக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, யார் சொன்னது? கோயம்புத்தூரில் இரண்டு வருடம் இருந்தவன் யார்? பயிற்சி நாளில் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டான்: "விழிஞ்ஞத்துக்காரனாயிருக்கும், அல்லே அங்கிள்?"

நான் "யாருக்குத் தெரியும்" என்றேன்.

இது நான் விட்ட இரண்டாவது இடம். சும்மா இருந்துவிட்டேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன். சும்மா இருக்கவில்லை. இரண்டு வார்த்தை சொன்னேன். எங்கள் தெருக்காரன் ஒருவனைச் சந்தேகப்பட்டிருந்தால் அந்த இரண்டு வார்த்தையும் அத்தனை சுலபமாக வந்திருக்காது. கடற்கரைக்காரன்மேல் பழி உட்காரும்போது எனக்கு அது இயல்பாகத் தோன்றியது. அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. மழை சார் என்று கூப்பிடவும் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வாங்கோ. இதை நீங்க எண்ணுங்கோ. எனக்குத் தப்பறது."

அந்தக் கடைசி மோதல். பொத்தானை அழுத்த அழுத்த, படம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. காணி என்று கூவும் வாய் திறக்கிறது. அதிலிருந்து பந்து அசையும்வரை எத்தனை அழுத்தல் என்று எண்ணச் சொன்னாள். முப்பத்துநான்கு. நடுத்தடுப்பாளனின் கால் மூலைப்பக்கம் திரும்புவது ஒன்பதில்.

"பந்து நகரலை, ஒருத்தரும் நகரலை. பேரைக் கேட்டவுடனே திரும்பறான். அவனுக்கு அந்தப் பேர் தெரியும்ப்பா." கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "இத்தனை நாள் என் தப்புன்னே நினைச்சிண்டிருந்தேன். நான்தான் ரொம்பச் சாமர்த்தியம் பண்ணிட்டேன்னு. அஞ்சு பேருக்குத்தான் தெரியும். பசங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். நாளைக்கு விழிஞ்ஞம் போய் அவனை நேராவே கேட்டுடறேன். கமிட்டிக்கும் எழுதறேன்."

"அவனில்லை" என்றேன்.

அவள் திரும்பினாள். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்காரவில்லை. காப்பிக் கடை, தொப்பி, கீழ்வாய் இலக்கம், டம்ளர் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"டம்ளரா?"

"டம்ளர் மூணு. ஸ்பூன் ஒண்ணு. சட்னிக் கிண்ணம்."

"எண்ணி வெச்சிண்டிருக்கேளா அதையும்!"

சத்தம் போடுவாள் என்று பயந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"உங்ககிட்ட ஏன் சொன்னேன் தெரியுமா? நீங்க கேட்டேள். இந்த ஊருக்குத் திரும்பி வந்தப்பறம் என் வேலையைப் பத்தி ஒருத்தர் என்னைக் கேட்டது அன்னிக்குத்தான்." நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, "என்கிட்ட சொன்னது போறாது. அவன்கிட்ட சொல்லணும். நான் கூட வரமாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். எத்தனை நிறுத்தம் என்று எண்ணக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். இருபத்தாறு.

அவன் துறைமுகத்தில் படகுப் பக்கம் உட்கார்ந்து அப்பாவோடு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் செருப்பு ஈரத்தில் வழுக்கியது. எழுந்து ஓடி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மழை சாரே! இது எந்தா இத்தர தூரம்? விழுந்தா எடுக்கான் ஆளில்லை இங்கே."

பிடித்த கையை அவன் விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். பாதியில் கையை விட்டுவிட்டான். முழுக்கச் சொன்னேன், "யாருக்குத் தெரியும்" என்றதை மட்டும் சொல்லவில்லை.

அவன் கடலைப் பார்த்தான். புதுத் துறைமுகத்துக் கிரேன்கள் அந்தப் பக்கம் நின்றன.

"எத்தர நாளாச்சு சாரே?"

"ஆட்டம் முடிஞ்சு நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணு." தலையை ஆட்டினான். "தினமும் எண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாம்."

"எண்ணினதில ஒரு நாள் பஸ் ஏறி வந்திருக்கலாமல்லோ."

அவனுடைய அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே மலையாளத்தில் ஏதோ கேட்டார். இவன் சுருக்கமாகச் சொன்னான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். அந்தப் பார்வை மூன்று விநாடிகூட இருக்காது.

"சர்ச்சுக்குப் போனா, பந்தை வித்தவன் உன் மகன்தானேன்னு எங்க அம்மாவைக் கேக்கறாங்க. ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்கு வரேன். எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. தமிழ்ல சொல்லாதீங்க. மலையாளத்தில சொல்லுங்க, எல்லாவனுக்கும் மனசிலாவணும்."

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். குடையை நான் மறந்து வைத்துவிட்டதைப் பார்த்துத் திரும்ப ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோல் கோட்டுக்குப் பக்கத்தில் இருபத்துநான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மலையாளத்தில் சொன்னேன். ஐம்பது வருடம் அலுவலகத்திலும் கடையிலும் பேசிய பாஷை. அன்று வினைச்சொல்லுக்குக்கூடத் தடவினேன். என்னிடம் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டவன் முன்வரிசையில் இருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தை மறுபடியும் விட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

யாரும் திட்டவில்லை. "போட்டே அங்கிளே", போனால் போகட்டும் என்று யாரோ சொன்னார்கள். மூச்சுவிடப் போனேன். அதற்குள் ஓரக்காரன் எழுந்து, "நிங்ஙள்க்கு போட்டே. எனிக்கு போட்டே இல்லா" என்றான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மகள் மூங்கில் கம்பைத் தூக்கிப் பிடித்தாள். விசில் ஊதினாள்.

செயலாளர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கமிட்டியின் முடிவு அடுத்த சீசன் முடியும்வரை மாறாது என்று வருத்தத்தோடு சொன்னார். நான் முன்னமே சொல்லியிருந்தால் யோசித்திருப்பார்களாம். நோட்டை மகளிடம் கொடுத்தேன். அவள் அதை இப்போது ஓரக்காரனின் தங்கையிடம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் சுருக்கமாக எழுதுகிறாள். எனக்கு அது திருப்தியில்லை, ஆனால் சொல்வதில்லை.

இப்போதும் மைதானத்துக்குப் போகிறேன். அதே சிமென்ட் படி. முந்திரியும் காணியும் போய்விட்டன. மகள் தடியர்களோடு உட்கார்ந்து வேறு பெயர்கள் வைத்திருக்கிறாள். கடற்கரைப் பேச்சோ, மீன் பெயரோ, எனக்குத் தெரியாது. எறிபவன் கூவுகிறான், பதினொரு பேர் குனிந்து பாய்கிறார்கள். எந்தப் பக்கம் போகப் போகிறார்கள் என்று எதிரே நிற்பவனுக்கு எப்படித் தெரியாதோ அப்படி எனக்கும் தெரியாது. நேற்று ஒரு கெஜத்துக்கு ஆறு முறை போனார்கள். ஐந்து முறை கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ரசம் ஊற்றும்போது, "அந்தப் புதுப் பேருக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்; கேட்டால் என்ன சொல்வது என்று அவளும் யோசித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நான் மோர் கேட்டேன்.